பண்டமாற்றும் உழைப்புமாற்றும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டமாற்று என்றதும் இலங்கையர் நினைவுக்கு முதலில் வருவது 1952ஆம் ஆண்டு சீனத்துடன் செய்துகொள்ளப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையாகும். அரசுகள் தம்முள் பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொண்ட அந்நிகழ்ச்சி பொருளியல் நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. ஆனால் ஊரோடு ஊரும் வீட்டோடு வீடும் பணத்தின் துணையின்றிப் பண்டங்களையும் உழைப்பையும் மாற்றி வந்த நெடிய வரலாறு அத்துணைக் கவனிப்பைப் பெறவில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது அந்நியச் செலாவணி அருகியது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும் கிடைத்தற்கரியனவாயின. கையிலிருந்த பணத்தின் பெறுமதியும் வீழ்ந்தது. அத்தகையதொரு வேளையில், பழைய பண்டமாற்று முறைக்கு ஏன் மீளலாகாது என்னும் வினா எழுதல் இயல்பே. எனினும், அவ்வினாவுக்கு விடை காணுமுன் பிறிதொரு வினாவுக்கு விடை கண்டாதல் வேண்டும். மீளவேண்டிய அப்பழைய முறை எது? பண்டமாற்று ஒன்றன்று, பல. அவற்றுள் சில மனிதரை இணைத்தன. சில மனிதரைப் பிணித்தன.

பணத்தின் தோற்றத்தை விளக்கப் புகுந்த பொருளியலாளர் நெடுங்காலமாக ஒரே கதையையே கூறி வந்துள்ளனர். ஆதியில் மனிதர் பண்டத்துக்குப் பண்டம் மாற்றி வாழ்ந்தனர். ஒருவனிடம் மிகுந்திருந்ததை மற்றவன் வேண்டாதபோது மாற்று நடைபெறாமற் போயிற்று. இவ்விடர்ப்பாட்டை நீக்கவே நாணயம் தோன்றிற்று என்பது அக்கதை. 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில் அடம் சிமித் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார். ஆயின், தூய பண்டமாற்றையே அடிப்படையாகக் கொண்டு இயங்கிய சமுதாயம் ஒன்றேனும் இதுவரை விவரிக்கப்பட்டதில்லை என 1985இல் மானிடவியலாளர் கரோலின் ஹம்பிரி எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925இலேயே, தொல் சமுதாயங்களிற் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகளாக இருந்தமையை விளக்கியிருந்தார். இவ்வாய்வுகளின் ஒளியில் நோக்கும்போது, எப்பண்டம் எப்பண்டத்துக்கு மாறியது என்பதிலும், யார் யாரோடு எவ்வுறவில் நின்று மாற்றினர் என்பதே முதன்மையான வினாவாகிறது. தமிழகத்தினதும் இலங்கையினதும் சான்றுகளை இவ்வினாவின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடையதாகும்.

திணைகளுக்கிடையே

சங்க இலக்கியம் பண்டமாற்றுப் பற்றிய செய்திகளை நிரம்பக் கொண்டது. பொருநராற்றுப்படை காவிரி நாட்டைப் பாடுமிடத்துத் தேனையும் கிழங்கையும் கொணர்ந்தோர் மீன்நெய்யையும் நறவையும் பெற்றுச் செல்வதையும், கரும்பும் அவலும் கொடுத்தோர் மான் தசையும் மதுவும் பெறுவதையும் காட்டுகிறது. ஒரு நிலத்தில் விளையாதது மற்றொரு நிலத்தில் விளைந்தது. ஆதலின் மலையும் கடலும் வயலும் காடும் ஒன்றையொன்று வேண்டி நின்றன. திணைக் கோட்பாட்டைப் பொருளாதார அடிப்படையில் விளக்கிய பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வுகள், திணைகள் வெறும் கவிதை மரபாக மட்டுமன்றி வேறுபட்ட உற்பத்தி முறைகளாகவும் இருந்தமையை உணர்த்தின.

இம்மாற்றுக்கு அளவை யாது என்னும் ஐயம் எழலாம். கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில், வேட்டுவன் மான் தசை கொண்டுவந்த வட்டியும், ஆய்மகள் தயிர் கொண்டுவந்த குடமும் நிறையுமாறு உழவர் வீட்டுப் பெண்கள் நெல்லை முகந்து கொடுக்கின்றனர். கொண்டுவந்த கலமே இங்கு அளவையாகிறது. உமணர் உப்பை நெல்லுக்குச் சரிக்குச் சரியாக மாற்றியதை அகநானூற்றுப் பாடல்கள் கூறுகின்றன. எண்ணும் எழுத்தும் அறியாதாரும் ஏமாறாதவாறு கண்ணாற் கண்டு ஒப்புக்கொள்ளத்தக்க அளவைகள் இவை.

இவற்றை நாணயம் அறியாத காலத்து வழக்கம் எனக் கொள்வது பொருந்தாது. தமிழகத்தில் முத்திரை நாணயங்களும் உரோம நாணயங்களும் வழங்கிய காலமே சங்க காலம். பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள், தன் நெய்க்கு விலையாகப் பொன்னை ஏற்க மறுத்து, எருமையையும் ஆவையும் பெற்றுக்கொள்கிறாள். அவள் பொன்னை அறியாதவள் அல்லள். பொன் பாலைத் தராது, எருமை தரும். தனக்கு வேண்டியது எது என்பதைத் தானே தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இருந்தது என்பதே இங்கு நோக்கற்பாலது.

மேலும், ஒரு சொல் இங்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அளந்து வாங்கிய பொருளை அதே அளவிற் பின்னர் திருப்பிக் கொடுத்தலைப் பண்டைத் தமிழர் 'குறியெதிர்ப்பை' என்றனர். புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் வளத்தைப் பகிர்ந்து கொடுக்கச் சொல்லுமிடத்து, முன்னர் இவ்வாறு கொடுத்துதவிய சுற்றத்தாரையும் மறவாது குறிப்பிடுகிறார். திருக்குறளோ, வறியவர்க்குக் கொடுப்பதொன்றே ஈகை என்றும், ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்றும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே, பண்டமாற்றெனப்படுவது ஒரே நேரத்திற் கைக்குக் கை மாறுவது மட்டுமன்று. இன்று வாங்கி நாளை கொடுக்கும் கடனும் அதன் ஒரு வடிவமே. இரு தரப்பாரின் தேவையும் ஒரே நாளில் நேர்படவேண்டும் என்னும் சிமித்தின் சிக்கல், ஒருவரையொருவர் அறிந்த ஊரில் நினைவினால் தீர்ந்துவிடுகிறது.

இந்நினைவு வட்டியாக மாறும் இடமும் உண்டு. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தோணிகலைக் கல்வெட்டு, மகாசேனனின் மகன் சிறிமேகவர்ணனின் ஆட்சிக்காலத்தில், நெல்லும் உழுந்தும் பயறும் வணிகர் கணம் ஒன்றிடம் முதலாக ஒப்படைக்கப்பட்டமையைத் தெரிவிக்கிறது. முதல் குறையாதிருக்க, அதன் வட்டி மட்டும் பௌத்த துறவியரின் உணவுக்கு உரியதாயிற்று. நெல்லின்மேல் விளைச்சற் காலத்து வட்டி முதலிற் பாதி. அறத்தின் பொருட்டு அமைந்த ஏற்பாடேயாயினும், ஒப்படைக்கப்பட்ட நெல் அதே அளவிற் திரும்பாமல் வளர்ந்தே திரும்பவேண்டியிருந்தது. பணமில்லாத கொடுக்கல் வாங்கலெல்லாம் வட்டியற்றது என்னும் எண்ணத்தை இக்கல்வெட்டு மறுக்கிறது.

வாய்பேசா வாணிபம்

அறிந்தவரிடையே நினைவு துணைநின்றது. அறியாதவரிடையே மாற்று எவ்வாறு நிகழ்ந்தது? உலகின் பல பாகங்களிலும் இதற்கு ஒரே வகையான விடை காணப்படுகிறது. ஆபிரிக்கக் கரையிற் கார்த்தேச் வணிகர் பண்டங்களைக் கடற்கரையில் வைத்துவிட்டுக் கப்பலுக்கு மீள, அந்நாட்டவர் வந்து பொன்னை வைத்து விலகி நின்றதை ஏரோதோத்தசு எழுதியுள்ளார். கிளோடியசு பேரரசனின் காலத்தில் இலங்கையிலிருந்து உரோமுக்குச் சென்ற தூதுவர், தொலைவிலுள்ள மக்களிடையே ஆற்றங்கரையில் இவ்வாறான மாற்று நடப்பதாகக் கூறியதைப் பிளினி பதிவுசெய்தார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவில் ஈராண்டு தங்கிய சீனத் துறவி பாகியன், ஆதியில் இங்கு வாழ்ந்த பூதங்களும் நாகங்களும் தம்மை வெளிக்காட்டாது, விலை குறித்த பண்டங்களை வைத்துச் செல்ல, வணிகர் விலையைக் கொடுத்து எடுத்துச் சென்றனர் எனும் கதையைக் குறித்துள்ளார். வாய்பேசா வாணிபத்தின் நினைவு இக்கதையில் உறைந்திருப்பதாகக் கருதுவர்.

இவற்றினும் தெளிவான சான்று றொபேட் நொக்ஸ் தருவதாகும். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த அவ்வாங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் வேடர் பற்றிக் கூறுமிடத்து, அவர்கள் அம்பு வேண்டியபோது இரவில் இறைச்சியைக் கொணர்ந்து கொல்லன் பட்டறையில் தொங்கவிடுவர் என்கிறார். வேண்டிய அம்பின் வடிவில் வெட்டப்பட்ட இலையொன்றும் அதனருகே தொங்கும். கொல்லன் அவ்வடிவில் அம்புகளைச் செய்து அதேயிடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாவிடின் இரவில் அவன்மீது அம்பு பாயும்.

இங்கு மாறுவது பண்டம் மட்டுமன்று. கொல்லனின் கைத்திறனும் மாறுகிறது. அவ்விலையே ஓலையும் ஒப்பந்தமுமாகிறது. ஆனால் இவ்வொப்பந்தத்தைக் காத்து நின்றது நம்பிக்கையன்று. இருளில் மறைந்திருந்த வில். கொல்லன் மறுக்க இயலாது. விலை பேசவும் இயலாது. அயலாரிடையே நிகழும் பண்டமாற்று, நட்பின் வெளிப்பாடாக இருத்தல் வேண்டுமென்பதில்லை என்பதற்கு இது சான்று.

வயலிலே உழைப்புமாற்று

அதே நொக்ஸ் வேறோரிடத்தில் முற்றிலும் மாறுபட்ட காட்சியொன்றைத் தருகிறார். அறுவடைக் காலத்தில் ஊரார் அனைவரும் ஒருங்குகூடி ஒருவரின் வயலை அறுத்து முடித்தபின் அடுத்தவரின் வயலுக்குச் செல்வர். இவ்வாறே எல்லோரது கதிரும் அறுபடும்வரை தொடர்வர். எவரது வயலில் அறுப்பு நடைபெறுகிறதோ அவரே அன்று ஏனையோர்க்கு உணவளிப்பர். சிங்களக் கிராமங்களில் இம்முறை 'அத்தம்' என வழங்கியது. ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் உழைப்பு என்பதே அதன் கணக்கு. தமிழ்க் கிராமங்களிலும் நாற்று நடுதல், சூடடித்தல், வீடு வேய்தல், கிணறு தோண்டுதல் போன்ற வேலைகளில் ஆளுக்கு ஆள் மாறி உதவும் வழக்கம் இருந்தது.

இவ்வழக்கத்தை வெறும் நல்லுள்ளத்தின் விளைவெனக் கொள்வது போதாது. குளத்து நீரை நம்பிய வயல்களுக்கு ஒரே காலத்தில் நீர் பாய்ந்தது; ஒரே காலத்தில் விதைப்பும் விளைவும் நிகழ்ந்தன. முற்றிய கதிர் காத்திருப்பதில்லை. மழை முந்திக்கொள்ளும், பறவையும் விலங்கும் முந்திக்கொள்ளும். ஒரு குடும்பத்தால் பல நாட்களிற் செய்யக்கூடியதைப் பல குடும்பங்கள் ஒரு நாளிற் செய்து முடிப்பதே அனைவர்க்கும் ஆதாயமாயிற்று. கூலிக்கு ஆள் பிடிக்கப் பணம் இல்லாத இடத்தில், தன் உழைப்பையே ஒவ்வொருவரும் ஊரிற் சேமித்து வைத்தனர் எனலாம்.

இக்கணக்கின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. வல்லவனின் நாளும் மெலிந்தவனின் நாளும் ஒரு நாளே. வராதவன் யார் என்பதை ஏடு பார்த்து அறியவேண்டியதில்லை. வயல் வரம்பில் நின்ற அனைவரும் அறிவர். அடுத்த முறை அவனது வயலில் ஆளின்றிப் போவதே அவனுக்குரிய தண்டனை.

எனினும், இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. நாளுக்கு நாள் மாற்றவேண்டுமாயின் இரு தரப்பாரிடமும் வயல் இருத்தல் வேண்டும். நிலமற்றவன் பிறர் வயலில் ஒரு நாள் உழைத்தால், அந்நாளைத் திருப்பிப் பெற அவனுக்கு வயல் ஏது? அவன் நெல்லையே பெறுகிறான். எவ்வளவு நெல் என்பதைத் தீர்மானிப்பவன் நிலமுடையவன். அக்கணமே சமமாற்று முடிந்து, வேறொன்று தொடங்குகிறது.

குடிமை முறையும் சமமின்மையும்

அவ்வேறொன்றின் முழு வடிவத்தை யாழ்ப்பாணத்துக் குடிமை முறையிற் காணலாம். சலவை செய்வோரும் சிகை திருத்துவோரும் தலைமுறை தலைமுறையாகக் குறித்த சில வீடுகளுக்கே தொழில் செய்தனர். அறுவடையில் ஒரு பங்கும், நன்மை தீமைகளின்போது சில வரிசைகளும் அவர்க்குரிய ஊதியமாயின. பணம் இடம்பெறவில்லை, தொழிலுக்குத் தானியமும் தானியத்துக்குத் தொழிலும் மாறின. வட இந்தியாவில் இதனையொத்த 'ஜஜ்மானி' முறையை 1936இல் விவரித்த வில்லியம் வைசர், சாதிகள் ஒன்றுக்கொன்று தொண்டு செய்துகொள்ளும் ஏற்பாடாக அதனைக் கண்டார். 1959இல் தோமஸ் பீடல்மன், நிலமுடையோரின் அதிகாரமே அதன் அச்சாணி என மறுத்துரைத்தார்.

யாழ்ப்பாணச் சமூகத்தை ஆராய்ந்த கென்னத் டேவிட், சாதிகளுக்கிடையிலான தொழிலுறவுகளிற் கட்டுண்டவை, கட்டுறாதவை என இருவகை காண்கிறார். மீன் பிடிப்போரும் வணிகரும் தம் பண்டத்துக்கு விலை பேசலாம். விரும்பாவிடின் வேறிடம் செல்லலாம். குடிமைத் தொழிலாளருக்கோ அவ்வுரிமை இல்லை. பொருநராற்றுப்படை காட்டும் மாற்றுக்கும் குடிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னையதில் பண்டம் கட்டுப்பட்டது. பின்னையதில் மனிதன் கட்டுப்பட்டான்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் தனியே இடம்பெற்றமை, இச்சமூகத்தில் உழைப்பு எந்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். அடிமை முறை 1844இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் குடிமை உறவுகள் உடனே மறைந்துவிடவில்லை. சாதியின் பெயராற் பொது இடங்களில் உரிமை மறுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியது.

பணத்தின் மறுபக்கம் இவ்விடத்தே வெளிப்படுகிறது. பணம் மனித உறவுகளை வறட்சியாக்குகிறது என்று கூறுவோர் பலர். நகரத்தில் கடை திறந்து, வருவோர் எவராயினும் ஒரே கட்டணம் என்று பலகை தொங்கவிட்ட சிகையலங்காரத் தொழிலாளிக்கு அப்பணம் வறட்சியன்று, விடுதலை. யார் வீட்டுக்கும் அவன் இனிக் கட்டுப்பட்டவனல்லன். வேலைக்குரிய மதிப்பை அவனே சொல்கிறான். எனவே, பழைய கிராமத்துப் பண்டமாற்றைப் பொற்காலமாகப் போற்றுவோர், அப்பொற்காலத்தை யாருடைய முற்றத்தில் நின்று காண்கின்றனர் என்பதையும் கூறவேண்டும்.

மணித்தியாலத்தை நாணயமாக்கியோர்

கட்டாய உழைப்பின் பிறிதொரு வடிவமான இராசகாரியம் இலங்கையில் 1832இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் இலண்டனில் எதிர்த்திசையிலான முயற்சியொன்று நடைபெற்றது. கூலியாகப் பணம் பெற்றும் வறுமை நீங்காத கைவினைஞர், பணத்தை விலக்கித் தம் உழைப்பைத் தாமே மாற்றிக்கொள்ள முற்பட்டனர். றொபேட் ஓவன் அவ்வாண்டு நிறுவிய உழைப்புமாற்று நிலையத்திற் கைவினைஞர் தம் பொருள்களை ஒப்படைத்து, மூலப்பொருளின் பெறுமதியையும் உழைத்த மணித்தியாலங்களையும் கணக்கிட்டு வழங்கப்பட்ட உழைப்புச் சீட்டுகளைப் பெற்றனர். அச்சீட்டுகளைக் கொண்டு வேறு பொருள்களைப் பெறலாம். கருத்து உயர்ந்ததே. ஆனால் யாவரும் விரும்பிய பொருள்கள் விரைவில் தீர, எவரும் வேண்டாதவை தேங்கின. அப்பெருநகரில், ஒப்படைப்போரும் பெறுவோரும் ஒருவரையொருவர் அறியார். உணவுப் பொருளும் போதியளவு கிடைக்கவில்லை. 1834இல் நிலையம் மூடப்பட்டது.

இத்தோல்வியிலிருந்து பிற்காலத்தார் பாடம் கற்றனர். 1973இல் யப்பானின் ஒசாக்கா நகரில் மிசுசிமா தெருக்கோ என்னும் பெண்மணி தொடக்கிய உழைப்பு வங்கியிற் பண்டங்கள் இல்லை, மணித்தியாலங்கள் மட்டுமே. இல்லத்தரசியர் இயன்ற காலத்தில் ஒருவர்க்கொருவர் உதவிச் சேமித்த மணித்தியாலங்களை, முதுமையிலோ நோயிலோ திரும்பப் பெற்றனர். 1983இற் கனடாவின் கொமொக்சு பள்ளத்தாக்கில், வேலையின்மை மிகுந்த வேளையில், மைக்கல் லின்டன் அமைத்த உள்ளூர் மாற்று முறையில், ஒவ்வோர் உறுப்பினரின் கணக்கும் சுழியத்திற் தொடங்கியது. ஒருவர் உதவி பெற்றால் அவரது கணக்கு இறங்கும். உதவியவரது கணக்கு ஏறும். எல்லாக் கணக்குகளையும் கூட்டினால் எப்போதும் சுழியமே. வட்டி இல்லை. பழந்தமிழரின் குறியெதிர்ப்பையை ஓர் ஊர் முழுவதற்கும் விரித்தாற் போன்ற ஏற்பாடு இதுவாகும்.

இத்தகைய முறை எவ்வளவு விரியலாம் என்பதற்கு ஆர்ஜென்ரீனா விடை தந்தது. 1995 மே மாதத்தில் புவனோசு அயரிசின் புறநகரான பேர்னாலில் அயலவர் சிலர் கூடித் தொடங்கிய மாற்றுக் கழகம் நாடெங்கும் பரவியது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் வங்கிகளிலிருந்து பணம் எடுப்பது கட்டுப்படுத்தப்பட்டபோது, இலட்சக்கணக்கான மக்கள் இக்கழகங்களை நாடினர். கழகங்கள் வழங்கிய சீட்டுகள் ஊர் விட்டு ஊர் சென்றன. யார் அச்சிட்டது, எவ்வளவு அச்சிட்டது என்பதை அறிவார் இல்லை. போலிச் சீட்டுகள் புகுந்தன. சீட்டின் பெறுமதி சரிந்தது. 2002க்கும் 2003க்கும் இடையிற் பெரும்பாலான கழகங்கள் கலைந்தன. ஒருவரையொருவர் அறிந்தவரையில் நின்ற முறை, அறியாதவரிடம் சென்றபோது, தான் தப்ப முயன்ற பணத்தின் நோய்களையெல்லாம் தானே பெற்றுக்கொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பண்டமாற்று ஒருவரையொருவர் அறிந்த வட்டத்திலேயே நன்கு இயங்கியது. அவ்வட்டத்துக்கு வெளியே அதனைக் காக்க வேடரின் வில்லோ, வேறொரு வலிமையோ தேவைப்பட்டது. இரண்டாவது, கண்ணாற் கண்டு ஒப்பக்கூடிய எளிய அளவை அதற்கு இன்றியமையாதது. நெல் நிறைந்த வட்டியும், வயலில் ஒரு நாளும், ஏட்டில் ஒரு மணித்தியாலமும் இவ்வளவையின் வெவ்வேறு வடிவங்களே. மூன்றாவதும் முதன்மையானதும், மறுக்கும் உரிமையாகும். பொன்னை மறுத்த ஆய்மகளுக்கு அது இருந்தது. குடிமைத் தொழிலாளிக்கு இருக்கவில்லை.

இன்றைய ஊரொன்றில் இம்முறையைத் தொடங்க விழைவோர்க்கு வரலாறு காட்டும் வழியும் இதுவே. பதினைந்து இருபது குடும்பங்கள் போதும். ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதையும் தமக்கு வேண்டியதையும் வெளிப்படக் கூறல் வேண்டும். தையலும் கணிதம் கற்பித்தலும், தேங்காய் பறித்தலும் முதியோரைப் பராமரித்தலும் ஒரே ஏட்டில், ஒரே மணித்தியாலக் கணக்கில் எழுதப்படுதல் வேண்டும். ஏடு யாவரும் பார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். எவரும் அளவு கடந்து கடன்படாதவாறு எல்லை வகுத்தலும், எவ்வேளையிலும் எவரும் விலகிக்கொள்ளலாம் என்னும் விதியும் அவசியம்.

இவற்றுள் மிகக் கடினமானது கணக்கு எழுதுதல் அன்று. ஒரு காலத்தில் இழிவெனக் கருதி ஒதுக்கிய தொழிலின் ஒரு மணித்தியாலமும், உயர்வெனக் கருதிப் போற்றிய தொழிலின் ஒரு மணித்தியாலமும் சமம் என ஏட்டில் எழுத ஊரார் உடன்படுவரா என்பதே கடினமான வினா. உடன்படுவராயின், அவ்வூர் பழைய முறையொன்றுக்கு மீளவில்லை; முன்னர் இல்லாத புதிய முறையொன்றைத் தொடங்குகிறது. உடன்படாராயின், பணத்தையே வைத்துக்கொள்ளல் நன்று. கொடுப்பவர் எவரெனப் பணம் வினவுவதில்லை.